மஞ்சளாகும் கறிவேப்பிலைக் கன்று: உரப் போத்தலைத் திறக்கும் முன்

ஒவ்வொரு தை மாதமும் என் கைபேசிக்கு ஒரே மாதிரிப் படங்கள் வரும். யன்னல் ஓரம் ஒரு சாடி. அதில் ஒன்றரை அடிக் கறிவேப்பிலைக் கன்று. அடி இலைகள் மஞ்சள், நாலைந்து சிற்றிலைகள் நிலத்தில். படத்துக்குக் கீழே ஒரு வரி: "அக்கா, இதுக்கு என்ன உரம் போடுறது?"

ரொறன்ரோக் குளிரில் கறிவேப்பிலை வளர்க்கிறவர்களுக்கு அந்தக் கன்று எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஒருவர் தன் சாடியில் பக்கக் கன்று வந்ததும் வேரோடு பிரித்து இன்னொருவருக்குக் கொடுப்பார். அது அடுத்த வீட்டில் பிழைத்ததா என்று மாதக்கணக்கில் விசாரிப்பார். அப்படி வந்த கன்று வாடினால் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரிப் பதறுகிறோம். பதற்றத்தில் கை நேரே உரப் போத்தலுக்குப் போகிறது. வின்டரில் செத்துப் போகும் கன்றுகளில் பெரும்பாலானவை பசியால் சாவதில்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில் வைத்து, தண்ணீரும் உரமும் ஊட்டித்தான் அவற்றைச் சாகடிக்கிறோம்.

கீழே எழுதியிருப்பது ஒன்றிரண்டு வயதுக் கன்றுகளுக்கு. விதையில் முளைத்ததாக இருக்கலாம், பிரித்த பக்கக் கன்றாக இருக்கலாம். ஒக்ரோபரிலிருந்து மே வரை வீட்டுக்குள் நிற்பவை. உங்கள் கன்றில் தெரியும் அறிகுறியைத் தேடி நேரே அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

யாழ்ப்பாணத்தில் டிசம்பரில்கூடப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நண்பகல் வெயில் 57 பாகை உயரத்தில் நின்று அடிக்கும். ரொறன்ரோவில் டிசம்பர் 21ஆம் திகதி பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நண்பகல் சூரியன் 23 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அந்தக் கொஞ்ச வெயிலும் முகிலையும் இரட்டைக் கண்ணாடியையும் தாண்டித்தான் சாடிக்கு வருகிறது. வெளிச்சம் குறைந்தால் இலை உணவு தயாரிப்பது குறையும், தண்ணீர் இழுப்பதும் குறையும். சாடி நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் மண்ணில் இருக்கும் சத்தையும் எடுக்க முடியாது, அதனால் இலை மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்த்து நாம் உரம் விடுகிறோம். இழுக்க ஆளில்லாத உரம் உப்பாக மண்ணில் தங்கி, மிச்ச வேரையும் சுடும்.

அதனால் முதலில், மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பாருங்கள். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுக் குருத்துக்கு அனுப்பிவிடும். அவற்றில் தட்டுப்பாடு வந்தால் அடி இலைதான் முதலில் வாடும். இரும்பு, கல்சியம், துத்தநாகம், மங்கனீசு ஒரு இலைக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் நுனிக் குருத்துத்தான் காட்டிக்கொடுக்கும். இது ஒன்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது, சாடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்ட மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை. ஒரு வாரம் போயும் பாரம் குறையவில்லை என்றால் கன்று குடிக்கவில்லை. குடிக்காத கன்றுக்கு உரம் வேண்டாம்.

மூன்றாவது, வெளிச்சத்தை அளந்து பாருங்கள். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சட்டென்று பழகிவிடும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. கைபேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, கன்றின் உச்சி இலை இருக்கும் இடத்தில், வெளிச்சம் வரும் பக்கம் பார்க்கப் பிடியுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனாலும் 800ஐயும் 8,000ஐயும் வேறுபடுத்தப் போதும். என் தெற்கு யன்னலில் ஜனவரி வெயில் நாளில் கண்ணாடியோரம் 15,000 வரை காட்டும். அங்கிருந்து ஐந்தடி உள்ளே, சோபாவுக்குப் பக்கத்தில், 900. முகில் நாளில் அதே யன்னலோரம் 2,000ஐத் தொடுவதே கஷ்டம். கன்று தழைக்க வேண்டுமானால் உச்சி இலையில் 10,000 முதல் 15,000 லக்ஸ், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேண்டும். உயிரோடு இருந்தால் போதும் என்றால் அதில் பாதி போதும்.

அடி இலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்கின்றன

அதிகம் வரும் கேள்வி இது. காரணங்கள் நாலு, மருந்து நாலுக்கும் வேறு.

கன்றை வெளியிலிருந்து உள்ளே எடுத்து மூன்று நாலு வாரத்துக்குள் இது நடந்தால் பயப்பட ஒன்றுமில்லை. செப்ரெம்பர் வெயிலுக்கு வைத்திருந்த இலைகளை உள் வெளிச்சத்தில் வைத்துப் பராமரிக்கச் செடியால் முடியாது. கழிக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்து, கையை எடுத்துவிடுங்கள்.

சாடி பாரமாக, மண் குளிர்ந்து, இலை மஞ்சளோடு சேர்ந்து கன்று முழுவதும் தொய்ந்து நின்றால் அது வேர் அழுகல். தண்ணீர் இல்லாமல் வாடினாலும் இலை இப்படித்தான் தொய்யும். அதனால்தான் பலர் இதில் இன்னும் தண்ணீர் விடுகிறார்கள். என் முதல் கன்றை நான் அப்படித்தான் இழந்தேன். ஜனவரியில் மஞ்சளானது. உரம் விட்டேன். இன்னும் மஞ்சளானது. இன்னும் விட்டேன். மாசியில் சாடியைக் கவிழ்த்தபோது அடிமண் சேறாக இருந்தது, சாக்கடை மணம் வந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல் தோல் சட்டைக் கை மாதிரிக் கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெளிர் மஞ்சளாக, தேங்காய் நார் மாதிரி இறுக்கமாக இருக்கும், இழுத்தால் தோல் வராது. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வேரைப் பார்க்கிறேன்.

அழுகல் என்றால் கெட்ட வேரைக் கத்தரித்து, சேற்று மண்ணைத் தட்டிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு பேர்லைட் (தண்ணீர் வடிய உதவும் வெள்ளைக் குறுணி) கலந்த புதுச் சாடி மண்ணில் சின்னச் சாடியில் நடுங்கள். பெரிய சாடியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரம் பிடித்து நிற்கும். ஒருமுறை அளவாகத் தண்ணீர், பிறகு மேல் மண் இரண்டு அங்குலம் காயும்வரை ஒன்றும் இல்லை. புதுக் குருத்து வரும்வரை உரம் கிடையாது.

சாடி சீக்கிரம் பாரம் குறைகிறது, வெளிச்சம் 10,000 லக்ஸ் இருக்கிறது, மேலே புது இலை வந்துகொண்டே அடியில் மஞ்சளாகிறது என்றால் மட்டும்தான் அது உண்மையான நைதரசன் பசி. இலை முழுவதும், நரம்பும் சேர்த்து, ஒரே சீராக வெளிறும். புது இலைகளும் சிறுத்து வெளிர்ப் பச்சையாக வரும். இதற்கு 20-20-20 (நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் சம அளவு) மாதிரி ஏதாவது ஒரு நீரில் கரையும் உரம், பெட்டியில் போட்டிருக்கும் அளவில் கால்வாசி, இரண்டு முறை வெறும் தண்ணீர் விட்டு மூன்றாவது முறை. இரண்டு மூன்று வாரத்தில் அடுத்து வரும் இலையின் நிறத்தில் வித்தியாசம் தெரியும். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

நாலாவது காரணம் குளிர். இரவில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கறிவேப்பிலை இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கப் போகும். அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

அடி இலையில் நரம்பு பச்சை, நடுவெல்லாம் மஞ்சள்

மகனீசியம். மஞ்சள் சிற்றிலையின் நடுப்பகுதியில் தொடங்கி ஓரத்துக்குப் பரவும், நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சை நிற்கும். தக்காளிக்கான பொற்றாசியம் கூடிய உரத்தைத் தொடர்ந்து கொடுத்தவர்கள் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். பொற்றாசியம் மிகுந்தால் வேர் மகனீசியத்தை எடுப்பது தடைப்படும். மருந்துக் கடைகளில் கால் ஊறவைக்க விற்கும் எப்சம் உப்பு, மணம் சேர்க்காதது, 4 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. மண்ணுக்கு ஒருமுறை, மூன்று வாரம் கழித்து இன்னொருமுறை. அதோடு சரி. ஒவ்வொரு கிழமையும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மறுபக்கம் கல்சியத்தைத் தடுக்கும்.

நுனிக் குருத்து மஞ்சள், அடி இலை நல்ல பச்சை

கறிவேப்பிலை எலுமிச்சை, தோடை குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு இரும்பில் ஒரு பலவீனம் உண்டு. புதுக் குருத்தில் ஒரு சிற்றிலையைக் கிள்ளி, கைபேசி டோர்ச்சை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் கண்ணாடியில் பச்சை மையால் வலை பின்னின மாதிரி, மிக நுண்ணிய நரம்பு வரை தனித்தனியாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. முற்றினால் குருத்து வெள்ளை கலந்த மஞ்சளாகவே விரியும், ஓரம் கருகும்.

இங்கே ஒரு விஷயத்தை நிறையப் பேர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். மண்ணில் இரும்பு இல்லாததால் இது வருவது குறைவு. இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. மண்ணின் பி.எச் (புளிப்பைக் காட்டும் அளவு, கூடக் கூடப் புளிப்புக் குறைவு) 7ஐ நெருங்க நெருங்க இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். கறிவேப்பிலைக்கு 6 முதல் 6.5 வரை சுகம். சாடி மண் வாங்கும்போது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ரொறன்ரோக் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது, பி.எச் 7க்கு மேல், ஓரளவு சுண்ணாம்புள்ளது. வருடக் கணக்கில் அதையே விட்டால் சாடியின் பி.எச் மெல்ல ஏறும். குவெல்ப், வோட்டர்லூ பக்கம் நிலத்தடி நீர் என்பதால் சுண்ணாம்பு இன்னும் மிக அதிகம், கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அங்கே பல வீடுகளில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் இருக்கும். அதில் வரும் தண்ணீரைச் செடிக்கு விடவே வேண்டாம். கல்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைப் போட்ட தண்ணீர் அது. வெளிக் குழாய் பெரும்பாலும் அந்த இயந்திரத்தைத் தொடாமல் தனியாக வரும். விசாரித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. கீலேற் இரும்பு (கரைந்தே நிற்கும்படி செய்த இரும்பு) என்று விற்பதை வாங்கி, பெட்டியில் உள்ள சாடி அளவுப்படி மண்ணுக்கு விடுங்கள். அதில் டி.ரி.பி.ஏ (DTPA) என்று போட்டிருந்தால் பி.எச் 7 வரை வேலை செய்யும். ஈ.டி.ரி.ஏ (EDTA) என்றால் 6.5ஐத் தாண்டியதும் பலன் குறையும். ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) என்ற சிவப்புத் தூள் சுண்ணாம்பு மண்ணிலும் நிற்கும், கிடைத்தால் அதுவே நல்லது. பத்துப் பன்னிரண்டு நாளில் குருத்தில் பச்சை ஏறத் தொடங்கும். ஆணியைச் சாடியில் புதைப்பதால் பயனில்லை. துருவும் அதே கரையாத இரும்புதான்.

அடுத்தது தண்ணீரைச் சரிசெய்வது, இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அதே மஞ்சள் திரும்பும். 4 லீற்றர் ரொறன்ரோத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வெள்ளை வினாகிரி விட்டால் பி.எச் 6க்கும் 6.5க்கும் இடையில் வரும். ஒரு பி.எச் தாள் வாங்கி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்வது வேறு. பின்வளவில் புதிதாக விழுந்த பனியை வாளியில் அள்ளி, ஒரு நாள் குசினியில் வைத்து அறைச் சூட்டுக்கு வந்ததும் விடுவேன். சுண்ணாம்பே இல்லாத தண்ணீர். தெருவோரப் பனி வேண்டாம், அதில் வீதி உப்பு இருக்கும்.

குழாய்த் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். ரொறன்ரோவில் சேர்ப்பது குளோரமைன், அது ஓர் இரவில் போகாது. குடிநீரில் இருக்கும் அளவு கன்றுக்குக் கெடுதலும் செய்யாது. ஆனாலும் வையுங்கள், வேறு காரணத்துக்காக: ஜனவரிக் குழாய்த் தண்ணீர் வேருக்குப் பனிக்கட்டி மாதிரி.

சாடி எப்போதும் ஈரமாகக் கிடந்தாலும் இதே இரும்பு மஞ்சள் குருத்தில் வரும். பாரம் பார்க்கச் சொன்னது இதற்கும்தான். அங்கே கீலேற் விட்டுப் பயனில்லை, முதலில் காயவிடுங்கள்.

குருத்து மஞ்சள் இல்லை, ஆனால் சிறுத்துக் கொத்தாக வருகிறது

சிற்றிலைகள் அரிசி மாதிரிச் சிறுத்து நெருங்கி வந்தால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். நுண்சத்துகள் கலந்த உரத்துக்கு மாறினால் பெரும்பாலும் போதும். கோணல் மாணலாகச் சுருண்டு வந்தால் சத்தைப் பற்றி யோசிக்கும் முன் இலையின் அடியில் பூச்சி தேடுங்கள்.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

மண்ணின் மேலும் சாடி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா? இருந்தால் உப்பு. உரம் கூடிப்போய்விட்டது. சாடியைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இளஞ்சூட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் ஓடவிடுங்கள். நன்றாக வடிந்த பிறகு பழைய இடத்தில் வைத்து, ஒரு மாதம் உரம் இல்லை. தட்டில் தேங்கும் தண்ணீரைத் திரும்பக் குடிக்கவிடாதீர்கள், கழுவிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பொருக்கு இல்லை, ஒரு பக்க இலைகள் மட்டும் கருகினால் நிலத்தில் ஹீற்றர் காற்று வரும் துவாரம் எங்கே என்று பாருங்கள். அந்தச் சூட்டுக் காற்றின் நேரே நின்றால் எந்தக் கன்றும் தாங்காது. யன்னல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இலை குளிரில் கறுக்கும், அதுவும் கருகல் மாதிரித்தான் தெரியும். ஒரு சாண் தள்ளி வைத்தால் சரி. பழைய இலைகளின் ஓரம் மட்டும் சீராக மஞ்சளாகிப் பழுப்பாவது பொற்றாசியக் குறை. உரம் கொடுக்கும் வீடுகளில் அதை நான் அனேகமாகப் பார்த்ததில்லை.

நெட்டையாக, மெலிந்து, யன்னலை நோக்கிச் சாய்கிறது

கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு ஈர்க்குச்சி மாதிரி இருந்தால் அது வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. உரம் விட்டால் இன்னும் வேகமாக ஓடி இன்னும் மெலியும். ஒரு லைற் வாங்குங்கள். இதில் காசு வீணாகாமல் இருக்கச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

பெட்டியில் "1000" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விளக்கு உண்மையில் 100 வாட் இழுப்பதாக இருக்கலாம். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் உள்ள உண்மையான வாட்டைப் பாருங்கள். ஊதா நிற விளக்குத்தான் செடிக்கு என்று இல்லை. வெள்ளை எல்.ஈ.டி நன்றாகவே வேலை செய்யும். முக்கியமாக, அதன் கீழே இலையின் உண்மை நிறம் தெரியும். ஊதா விளக்கின் கீழ் மஞ்சளையும் பச்சையையும் சரியாகப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், நோயைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஒரே ஒரு சின்னக் கன்றுக்கு, "100 வாட்டுக்குச் சமம்" என்று விற்கும் 15 வாட் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி குமிழை ஒளி கீழே மட்டும் விழும்படி ஒரு மூடிக்குள் மாட்டினால் போதும்.

எவ்வளவு உயரத்தில்? குமிழ் விளக்கில் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கிட்டத்தட்டக் கால்வாசியாகும். பத்து அங்குலத்தில் 12,000 லக்ஸ் என்றால் இருபது அங்குலத்தில் 3,000. கூரையில் மாட்டிய விளக்கு அறைக்கு அழகு, கன்றுக்கு இருட்டு. உச்சியில் கைபேசியை வைத்து 12,000 காட்டும்வரை இறக்குங்கள். கன்று வளர வளர விளக்கை உயர்த்துங்கள்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு: வெள்ளை எல்.ஈ.டியில் லக்ஸை 70ஆல் வகுத்தால் செடி பயன்படுத்தும் ஒளி ஏறத்தாழ எத்தனை மைக்ரோமோல் என்று வரும். அதை மணி நேரத்தால் பெருக்கி, 0.0036ஆல் பெருக்கினால் ஒரு நாள் மொத்தம். 14,000 லக்ஸ், 14 மணி நேரம் என்றால் 200 மைக்ரோமோல், நாள் மொத்தம் 10 மோல். ஊரில் மேகமற்ற நாளில் திறந்த வெளியில் இது 40ஐத் தாண்டும். வீட்டுக்குள் நிற்கும் ஒரு கன்றுக்கு 10 மோலே தாராளம்.

ஒரு ரைமர் வாங்கிக் காலை 7 முதல் இரவு 9 வரை போட்டுவிடுங்கள். இரவு முழுக்க எரியவிட வேண்டாம், இருட்டும் அதற்கு வேண்டும். ஏற்கெனவே நெட்டையானதை மார்ச் வரை அப்படியே விட்டு, பிறகு நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். அதுவரை சமையலுக்கு அதில் கை வைக்காதீர்கள். இருட்டுக் காலத்தில் ஒவ்வொரு இலை நெட்டும் அதற்குச் சோறு.

உச்சி இலைகள் வெளுக்கின்றன, மேல்நோக்கி மடிகின்றன

விளக்குக்கு மிக அருகில் உள்ள இலை மட்டும் வெளிறி, கீழே போகப் போகப் பச்சை கூடினால் ஒளி அதிகம். சிற்றிலை நடு நரம்பை ஒட்டிப் படகு மாதிரி மேலே மடியும். இரும்புக் குறை என்று நினைத்துவிடாதீர்கள்: இரும்புக் குறையில் நரம்பு வலை தெளிவாகத் தெரியும், இதில் நரம்பும் சேர்ந்து வெளுக்கும். விளக்கை நாலு அங்குலம் உயர்த்தி ஒரு வாரம் பாருங்கள்.

இதே சூடு மே கடைசியில் இன்னும் மோசமாக வரும். விக்ரோறியா தின விடுமுறையில் வெயிலைக் கண்ட சந்தோஷத்தில் கன்றை நேரே முற்றத்தில் வைப்போம். இரண்டே நாளில் இலையில் கடதாசி மாதிரி வெள்ளைத் திட்டு. இரவு 10 பாகைக்குக் கீழே போகாது என்று தெரிந்த பிறகு, முதல் மூன்று நாள் முழு நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், இப்படிப் பத்து நாளில் பழக்குங்கள்.

புள்ளி, பிசுபிசுப்பு, சின்ன ஈ

இலை முழுக்க ஊசி குத்தின மாதிரி வெளிர்ப் புள்ளி, அடியில் நுண்ணிய வலை என்றால் சிலந்திப் பேன். வின்டர் வீட்டின் வறண்ட காற்று அதற்குப் பிடிக்கும். கன்றைச் சாய்த்து ஷவரால் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, நாலைந்து தடவை. சாடியைச் சுற்றி நிலம் ஒட்டினால் தண்டில் பழுப்புக் குமிழாகச் செதிள் பூச்சி இருக்கும். நகத்தால் சுரண்டி, பூச்சிக்கான சோப்புக் கரைசலால் துடைக்கவும்.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈ பறந்தால் மண் ஈரம் கூட என்று அர்த்தம். அனேகமாக மோரும் காரணம். புளித்த மோர் விட்டால் கறிவேப்பிலை செழிக்கும் என்பது நம் அம்மாக்களின் கைமருந்து. அதை நான் குறைசொல்ல மாட்டேன். கிணற்றடியில் நின்ற மரத்துக்கு அது சரியாக இருந்தது. அங்கே மண்ணுக்குள் புழுவும் நுண்ணுயிரும் வெயிலும் இருந்தன, ஊற்றிய மோர் இரண்டு நாளில் மண்ணாகியது. இங்கே ஒரு லீற்றர் சாடியில், 20 பாகையில், வெளிச்சமில்லாத மூலையில் அது பூஞ்சணம் கட்டி நாறும், ஈ முட்டையிடும். அரிசி கழுவிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் அப்படித்தான். ஜூலையில் முற்றத்தில் நிற்கும்போது தாராளமாக விடுங்கள்.

எல்லா இலையும் கொட்டி வெறும் குச்சி

குளிர் பட்டுத் தூங்கப் போன கன்று இப்படித்தான் நிற்கும். இந்த நிலையில்தான் பல கன்றுகள் உயிரோடு குப்பைக்குப் போகின்றன. தயவுசெய்து எறியாதீர்கள். நகத்தால் தண்டின் தோலை ஓர் எள்ளளவு சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். அடி வரை காய்ந்திருந்தாலும் வேர் நல்லதாக இருந்தால் மண்ணிலிருந்து புதுக் கன்று வரும். கறிவேப்பிலை அப்படித்தான் ஊரில் வேலியோரம் எல்லாம் பரவியது.

இலையில்லாத குச்சிக்குத் தண்ணீர் மிகக் குறைவாகப் போதும், மண் தூசாகாமல் இருந்தால் சரி. இரண்டு கிழமைக்கு ஒரு அரைக் கோப்பை. உரம் அறவே இல்லை. 15 பாகைக்குக் குறையாத இடத்தில், 14 மணி நேர விளக்கின் கீழ் வைத்துவிட்டு மார்ச் கடைசி வரை காத்திருங்கள். கணுவில் கடுகளவு பச்சை முட்டு ஒன்று தெரியும். அது விரிந்து, முதல் நெட்டு முழு நீளம் வந்து, சாடியும் நாலு நாளில் பாரம் குறையத் தொடங்கிய பிறகு, அன்றைக்கு உரப் போத்தலைத் திறவுங்கள். கால்வாசி அளவு.